பேரனும் கணினிப் பயிற்சியும்

கவனம் ஓரிடத்தில் நிலைக்காமலும் கைகால்கள் ஒரு கணமும் ஓயாமலும் அவதிப்படும் குழந்தைகளுக்கு, டாக்டர்கள் ஏ.டி.எச்.டி. என்று குறிப்பிடும் அந்த நிலைக்கு, கணினி விளையாட்டின் மூலமாகவே புத்திப் பயிற்சி அளித்துக் குணப்படுத்திவிடலாம் என்ற வாக்குறுதியைக் கேட்டுப் பணம் கட்டப் புறப்படும் பெற்றோர்கள், அப்படிக் கட்டிய ஒரு குடும்பத்தில் நடந்ததை முதலில் தெரிந்துகொள்வது உசிதம் என்று கருதியே இதை எழுதுகிறேன். வங்கி உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றவன் நான். கணக்கைச் சரிபார்க்காமல் கையெழுத்திடும் வழக்கம் எனக்கு என்றுமே இருந்ததில்லை.

பேரனுக்கு ஏழாவது வயதில் டாக்டர் பரிசோதித்து இந்த நிலை இருப்பதாகச் சொன்னதும், பெற்றோரிடமும் பள்ளிக்கூடத்திலும் கேள்வித்தாள்களைக் கொடுத்து நிரப்பி வாங்கியதும், மெத்தில்பெனிடேட் மாத்திரையை எழுதிக் கொடுத்ததும் எல்லா வீடுகளிலும் நடக்கும் சங்கதிகளே ஆதலால் அவற்றை விஸ்தரிக்க வேண்டியதில்லை. மாத்திரை பலன் அளித்தது. கரும்பலகையில் எழுதியதை முழுவதும் நோட்டில் இறக்கிக்கொண்டு வந்தான். ஆனால் மத்தியானச் சோற்று டப்பா பாதிக்குமேல் மிச்சமாகித் திரும்பி வந்தது. இந்தச் சோற்று டப்பாதான் என் மருமகளின் மனத்தை வாட்டியது. அந்த வாட்டத்தின் வழியாகத்தான் பயிற்சி நிலையத்தார் எங்கள் வீட்டுக்குள் பிரவேசித்தார்கள்.

நிலையத்தின் சுவரில் ஒரு செய்தித் துணுக்கைச் சட்டம் போட்டு மாட்டியிருந்தார்கள். அமெரிக்காவின் உணவு மருந்து நிர்வாகம் 2020-ல், 8 முதல் 12 வயதுவரையுள்ள இத்தகைய குழந்தைகளுக்கு எண்டெவர் ஆர்எக்ஸ் என்ற வீடியோ விளையாட்டை டாக்டர் சீட்டின் பேரில் கொடுக்க அனுமதித்தது வாஸ்தவமே. ஆனால் அந்த நிலையத்தார் வைத்திருந்த விளையாட்டு அது அல்லவென்பதையும், மருந்து, ஆலோசனை, கல்வி உதவி முதலியன அடங்கிய சிகிச்சையின் ஓர் அங்கமாகவே அந்த அனுமதி கொடுக்கப்பட்டதென்பதையும் அவர்கள் சொல்லவில்லை. அதற்கு மாறாக, மாத்திரை என்பது வெறும் முட்டுக்கொடுப்பு என்றும், தாங்கள் மூளையையே பலப்படுத்துவதாகவும், மாத்திரையை நிறுத்தினால்தான் பயிற்சியின் பலன் கலப்பில்லாமல் தெரியுமென்றும் உபதேசித்தார்கள். “டாக்டரைக் கேட்டுக்கொண்டு செய்யலாம்” என்று நான் அந்த இடத்திலேயே சொன்னேன். “அப்பா, அவங்க இதுலேயே படிச்சவங்க, நமக்கு என்ன தெரியும்?” என்றான் என் மகன். டாக்டரைக் கேட்காமலே மாத்திரை நின்றது. எங்கள் குடும்பம் செய்த தவறுகளில் இதைக் காட்டிலும் அதிக விலை கொடுக்க நேர்ந்தது வேறில்லை. கட்டிய பணத்தை நான் சொல்லவில்லை, குழந்தை இழந்த ஒரு பள்ளிப் பருவத்தைச் சொல்லுகிறேன்.

அந்தப் பருவம் முழுவதும் திரையில் அவன் ஏறிக்கொண்டே போனான். எண்களை ஒவ்வொன்றாகக் காட்டி, மறைத்து, பின்னாலிருந்து முன்னாக அவற்றைத் தொடச் சொல்லும் ஆட்டத்தில், என்னைப் போன்றவர்கள் திணறிப்போகும் நீளமான வரிசைகளைக்கூட அவன் அநாயாசமாகத் தொட்டான். நிலையத்தில் இருந்த அம்மாள் ஒவ்வொரு வாரமும் ஒரு வரைபடத்தை அச்சிட்டுக் கொடுப்பார். அதில் கோடு மேல்நோக்கியே சென்றது. கேட்டதைச் சற்று நேரம் மனத்தில் நிறுத்திவைத்துக்கொண்டு காரியம் செய்யும் சக்தி, அவர்கள் வொர்க்கிங் மெமரி என்று சொல்லுவது, விருத்தியடைந்துவிட்டதாம். அதே பையனிடம் அவன் தாயார், “தண்ணி பாட்டிலை எடுத்து வை, சாக்ஸை வாளியில போடு, அப்புறம் சாப்பிட வா” என்றால், பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு நடுக்கூடத்தில் நின்றுவிடுவான். மற்ற இரண்டும் அவன் காதில் விழுந்த சுவடே இராது. பள்ளிக்கூடத்தில் அவனைக் கடைசி பெஞ்சில் தனியாக உட்காரவைத்தார்கள். டைரியில் சிவப்பு மையில் குறிப்பில்லாத நாள் அபூர்வமாயிற்று. விளையாட்டில் சேர்த்துக்கொள்ளப் பிள்ளைகள் மறுத்தபோது அவன் வீட்டுக்கு வந்து அழுததை, வரைபடம் தயாரித்தவர்கள் யாரும் பார்க்கவில்லை.

நான் பார்த்தேன், பார்த்ததைத் தேதியிட்டு எழுதியும் வைத்தேன். வீட்டுப் பாடத்தை முழுவதும் குறித்துக்கொண்டு வந்தானா, காலை ஆகாரத்தை யாரும் ஏவாமல் முடித்தானா, ஆசிரியை என்ன சொன்னார் என்று மூன்றே விஷயங்கள். பயிற்சி நடக்கிறதென்பதை ஆசிரியையிடம் நான் சொல்லவில்லை. இதற்காக நிலையத்தார் என்னைக் கடிந்துகொண்டார்கள். பள்ளியின் ஒத்துழைப்பை நான் கெடுத்துவிட்டேன் என்றார்கள். அதை அன்றும் நான் ஒப்புக்கொள்ளவில்லை, இன்றும் ஒப்புக்கொள்ள மாட்டேன். பணமும் பிரார்த்தனையும் செலவழித்துவிட்ட பெற்றோரின் கண்ணுக்கு அபிவிருத்தி தென்படாமல் இராது. ஒன்றும் அறியாத ஆசிரியையின் கண்ணே நம்பத்தக்கது.

இது என் பிடிவாதம் மட்டும் அன்று. ஸ்வீடன் தேசத்தின் டார்கெல் கிளிங்பெர்க் என்ற அறிஞர் 53 குழந்தைகளை வைத்துச் செய்து 2005-ல் வெளியிட்ட, இத்துறைக்கே அஸ்திவாரமாயமைந்த ஆராய்ச்சியில், பெற்றோர்கள் குறைபாடு தணிந்ததாகச் சொன்னார்கள். ஆசிரியர்களின் மதிப்பீட்டில் அந்த அளவு வித்தியாசம் தெரியவில்லை. சாமுவேலே கொர்த்தேசேயும் அவருடைய சகாக்களும் 2015-ல் இத்தகைய 16 ஆராய்ச்சிகளைச் சேர்த்து ஆராய்ந்தபோது, ஞாபகப் பரீட்சைகளில் முன்னேற்றம் காணப்பட்டதே தவிர, எந்தக் குழந்தைக்குப் பயிற்சி கொடுக்கப்பட்டதென்று பெரும்பாலும் அறியாதவர்கள் மதிப்பிட்ட இடங்களில் குறைபாட்டின் அறிகுறிகள் சொற்பமாகவே குறைந்திருந்தன. சட்டம் போட்டு மாட்டப்பட்ட அந்த எண்டெவர் ஆர்எக்ஸையே 348 குழந்தைகளிடம் சோதித்தபோதும் இவ்வாறே நேர்ந்தது: கணினியில் எடுத்த கவனப் பரீட்சையில் அது மேலோங்கியது, பெற்றோரின் மதிப்பீட்டிலோ, ஒப்பீட்டுக்காகச் சாதாரணச் சொல் விளையாட்டு ஆடிய குழந்தைகளும் அதே அளவுக்கு முன்னேறியிருந்தார்கள். எந்த ஆட்டத்தைப் பழக்குகிறோமோ அந்த ஆட்டம் கைவருகிறது என்பதே என் நோட்டுப் புத்தகத்திலும் கண்டது.

அந்த நோட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு நானே டாக்டரிடம் சென்றேன். அவர் யாரையும் குறைகூறவில்லை. குழந்தையின் எடையையும் இரத்த அழுத்தத்தையும் பார்த்து, மாத்திரையை மறுபடியும் ஆரம்பித்தார். காலையில் வயிறு நிறைய ஆகாரம் கொடுத்த பிறகு மாத்திரையைக் கொடுக்கவும், பசி திரும்பும் மாலை நேரத்தில் நன்றாகச் சாப்பிடவைக்கவும் சொன்னார். சோற்று டப்பாவைப் பற்றிய கவலை அத்தனை எளிய யோசனையில் அடங்கிவிட்டது. ஆசிரியை அவனை முதல் பெஞ்சுக்கு மாற்றி, ஒரு சமயத்தில் ஒரே வேலையைச் சொல்ல ஆரம்பித்தார். சம்பந்தி மட்டும், பச்சைக் குழந்தைக்கு மாத்திரையைக் கொடுத்துக் கெடுக்கிறோம் என்று கல்யாண வீடுகளில் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார். பேரனுடைய இவ்வருஷத்து டைரியை அவர் ஒரு தடவை புரட்டிப் பார்த்துவிட்டுப் பிறகு பேசட்டும்.

உங்கள் வீட்டிலும் நீங்கள் இருவரும் இருட்டிய பிறகே திரும்புபவர்களாக இருக்கலாம். அப்போது மாலையில் குழந்தையோடு இருப்பவர் பெரியவர் ஒருவராகவே இருப்பார். பயிற்சியில் சேர்க்கத்தான் வேண்டுமென்றால் முதலில் அவரிடம் ஒரு நோட்டுப் புத்தகத்தைக் கொடுங்கள். சேர்ப்பதற்கு முந்தைய வாரங்களிலிருந்தே அவர் எழுதத் தொடங்கட்டும், இல்லாவிட்டால் ஒப்பிட்டுப் பார்க்க ஒன்றும் இராது. குழந்தை தெருவில் ஓடியாடும் நேரத்தைப் பயிற்சிக்காகப் பறிக்காதீர்கள். மருந்தில் கை வைக்கச் சொல்லும் நிலையமாயிருந்தால் அப்போதே எழுந்து வந்துவிடுங்கள். இத்தகைய பயிற்சித் திட்டங்கள் பெரும்பாலும் சில வாரங்களில் முடிபவை. அப்படியிருந்தும் எங்களிடம் ஒரு வருஷத்துக் கட்டணத்தை முன்கூட்டியே வாங்கிக்கொண்டார்கள், கட்டிய தொகை வீணாகக்கூடாதே என்ற நிர்ப்பந்தத்தினாலேயே என் மகன் பலன் காணாத பின்பும் பல மாதங்கள் தொடர்ந்தான். ஆகையால் மாதத் தவணையாகவே கட்டுங்கள். பாதியில் நிறுத்தினால் மீதித் தொகை திரும்பக் கிடைக்குமென்று கையெழுத்திட்ட ரசீதிலேயே எழுதி வாங்குங்கள்.