படம் பார்த்துக் கருத்துச் சொல்லும்போது

ஒருவர் தான் எடுத்த படத்தைக் காட்டினால் ‘வடிவாயிருக்கு’ என்பதோடு நிறுத்தாதீர்கள். எது வடிவென்று சொல்லுங்கள். இரணைமடுக் குளத்துப் படமென்றால், தண்ணீரில் விழுந்த மாலை வெயிலா, வலை வீசுபவரின் கை வளைவா? குறை ஒன்று போதும், திருத்தும் வழியோடு: ‘தண்ணீர் விளிம்பு சரிஞ்சிருக்கு தம்பி, கமராவை நேரா பிடியுங்கோ.’

வீட்டுப் பழைய படங்கள் வேறு. இலங்கை உள்நாட்டுப் போரின் இடப்பெயர்வுகளில் அல்பங்களைத் தொலைத்த குடும்பங்கள் வன்னியில் ஏராளம். ஓரம் கிழிந்து, தண்ணீர்க் கறை படிந்த ஒரே படத்தை நீட்டுபவரிடம் தெளிவைப் பற்றி வாய் திறக்கவே கூடாது. 2017 பெப்ரவரி 20 இல் கிளிநொச்சி கந்தசுவாமி கோயிலடியில் தொடங்கிய காணாமலாக்கப்பட்டோர் உறவுகளின் போராட்டத்தில் தாய்மார் நெஞ்சோடு பிடித்திருந்தவையும் பிள்ளைகளின் படங்கள்தான். ‘இது எப்ப எடுத்தது, அம்மா?’ என்று கேளுங்கள். அவர் சொல்லி முடிக்கும்வரை பக்கத்தில் இருங்கள்.