அரைமண்டியும் பிளியேவும் ஒரே காலில்

சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்குக் கிள்ளானில் பாலே வகுப்பு. மாலை ஐந்து மணிக்குப் புக்கிட் ரோத்தான் பக்கம் கோயில் மண்டபத்தில் பரதம். நடுவில் காப்பார், ஜெராம் வழியாக லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்து வரும் அப்பாவின் வேன். படிவம் 2 முதல் படிவம் 4 வரை என் சனிக்கிழமைகள் இப்படித்தான் போயின. இப்போது நம் தோட்டத்துத் தங்கச்சிகள் சிலர், "அக்கா, ரெண்டையும் கத்துக்கலாமா?" என்று கேட்கிறார்கள். கத்துக்கலாம். ஆனால் நான் செய்த மாதிரி செய்யாதே.

பாலே படிப்பதைப் பரத ஆசிரியையிடம் நான் சொல்லவில்லை. பரதம் ஆடுவதைப் பாலே ஆசிரியையிடம் சொல்லவில்லை. இவர் கோபித்துக்கொள்வாரோ, அவர் சிரிப்பாரோ என்று பயம். விளைவு? இங்கே "தட்டு விழவே மாட்டேங்குதே" என்று திட்டு, அங்கே "ஏன் யானை மாதிரி குதிக்கிறாய்" என்று திட்டு. கடைசியில் சலங்கை பூஜையும் பாலே தேர்வும் ஒரே மாதத்தில் வந்து நின்றன. முட்டிக்குக் கீழே முன் எலும்பில் ஆரம்பித்த வலி ஆறு வாரம் என்னை உட்கார வைத்தது. இரண்டு ஆசிரியர்களிடமும் முதல் நாளே சொல்லிவிடு. தேர்வுத் தேதி, கோயில் நிகழ்ச்சித் தேதி எல்லாவற்றையும் ஒரே நாட்காட்டியில் எழுதி இருவரிடமும் காட்டு.

இரண்டையும் சரிபாதியாகப் பிரிக்கப் பார்க்காதே. நவராத்திரியை ஒட்டிக் கோயில் மேடைகள் வரிசையாக வரும்போது பரதம் முன்னால் போகட்டும்; பாலே வாரத்துக்கு ஒரு வகுப்பு போதும். பாலே தேர்வு நெருங்கினால் பரதத்தில் புது உருப்படி வேண்டாம், பழைய அடவைத் தேய்த்துக்கொண்டிரு. எஸ்.பி.எம். ஆண்டில் எது பின்னால் போகும் என்பதை ஜனவரியிலேயே அம்மாவோடு உட்கார்ந்து பேசிவிடு. செப்டம்பரில் அழுதுகொண்டே முடிவெடுப்பது கஷ்டம்.

இனி உடம்பு. அலமாரிக் கண்ணாடி முன் அரைமண்டியில் உட்கார். முட்டி, பாதத்தின் இரண்டாவது விரலுக்கு நேர் மேலே நிற்கிறதா? உள்பக்கம் சாய்ந்தால் பாதத்தை அளவுக்கு மேல் விரித்திருக்கிறாய் என்று பொருள். கொஞ்சம் உள்ளே கொண்டு வா. முட்டியை மடக்கி இறங்கும் பாலேயின் பிளியேவிலும் இதே கதைதான். விரிவு இடுப்பு மூட்டிலிருந்து வர வேண்டும். பாதத்தை மட்டும் திருகினால் முட்டிதான் வட்டி கட்டும். வித்தியாசம் என்னவென்றால், பிளியேவில் இறங்கி ஏறிவிடுவாய், அரைமண்டியிலோ குடியிருக்க வேண்டும். பாலே உன்னைத் தரையிலிருந்து மேலே இழுக்கும், பரதம் தரைக்குள் இறக்கும். முதல் வகுப்பில் பழகியதை வேன் பயணத்தில் உடம்பு மறக்காது. நீதான் அடுத்த வகுப்புக்கு முன் பத்து நிமிடம் எடுத்து, இப்போது எது என்று அதற்கு ஞாபகப்படுத்த வேண்டும்.

யாரும் எனக்குச் சொல்லாத ஒன்று: குதித்துமெட்டு அடவும் பாலேயில் நுனிக்காலில் எழும் ரிலெவேயும் ஒரே கெண்டைக்கால் சதையைத்தான் பிழிகின்றன. ஒரே நாளில் இரண்டையும் நூறு தடவை செய்தால் மறுநாள் குதிகாலுக்கு மேலே நரம்பு இழுக்கும். ஒரே நாளில் இரண்டு வகுப்பும் தவிர்க்க முடியாது என்றால், பாலேயில் காலுக்கு வேலை, பரதத்தில் அபிநயம் என்று கேட்டு வாங்கிக்கொள். நம் மண்டபங்களில் சிமெண்டுத் தரை. வீட்டிலும் அதேதான். வீட்டுப் பயிற்சியில் முழுத் தட்டு தட்டாதே, கணக்குக்குப் பாதம் வைத்துப் போ. பாலே குதிப்புகளைச் சிமெண்டில் பழகவே பழகாதே.

பாயிண்ட் ஷூ ஆசை எனக்கும் இருந்தது. கூடப் படிப்பவள் போட்டுவிட்டாளே என்று ஷொப்பியில் தட்டிவிடாதே. பதினொன்று, பன்னிரண்டு வயதுக்கு முன் பொதுவாகத் தொடங்குவதில்லை. அதற்குப் பிறகும் கணுக்காலும் இடுப்பும் தயாரா என்று ஆசிரியைதான் பார்த்துச் சொல்ல வேண்டும். காலில் போட்டுப் பார்த்து, தெரிந்தவர் அளவு சரி என்று சொன்ன பிறகுதான் வாங்க வேண்டும். கொப்புளத்தோடு தட்டடவு ஆடிய நாளை நினைத்தால் எனக்கு இன்றும் பல் கூசும்.

விளையாட்டு மருத்துவர்கள் ஒரு எளிய கணக்கு சொல்வார்கள்: வாரத்தில் பயிற்சி மணிநேரம் உன் வயதைத் தாண்டக் கூடாது. 14 வயது என்றால் 14 மணிநேரம். பள்ளி வலைப்பந்தும் இதில் சேர்த்திதான். வாரத்தில் ஒரு முழு நாள் ஓய்வு. எலும்பில் வலிக்கும் இடத்தை ஒரே விரலால் தொட்டுக்காட்ட முடிந்தால், இரவில் படுத்த பிறகும் வலித்தால், தைலம் தேய்க்காதே, கிளினிக் போ. மூன்று மாதம் மாதவிலக்கு வராமல் நின்றாலும் அப்படியே. ஒல்லியாக இருக்க வேண்டும் என்று கண்ணாடி சொல்லும். மைலோவை மட்டும் குடித்துவிட்டு வேனில் ஏறுகிற பிள்ளைகளை நான் பார்க்கிறேன். இரண்டு தோசை, ஒரு முட்டை சாப்பிட்டுவிட்டு ஏறு.

பரதம் படித்ததால் பாலேயில் எனக்குக் கிடைத்த லாபம் தாளம். பாலேயின் எட்டு எண்ணிக்கை இரண்டு தகதிமி; வால்ட்ஸ் மூன்று என்றால் தகிட. எல்லோரும் எண்ணும்போது நான் மனத்துக்குள் சொற்கட்டு சொல்வேன். நஷ்டமும் உண்டு. தேர்வில் கையை மெதுவாக மேலே கொண்டுபோனேன், உச்சியில் அது அலபத்ம முத்திரையாக மலர்ந்துவிட்டது. தேர்வாளர் புன்னகைத்தார், மதிப்பெண் குறைந்தது.

"ரெண்டும் கலந்தா கெட்டுடும்" என்று சொல்கிற பெரியம்மா நம் எல்லோர் வீட்டிலும் உண்டு. அவரிடம் இந்த இரண்டு பேரைச் சொல். ருக்மிணி தேவி 1920களின் கடைசியில், ரஷ்ய பாலே கலைஞர் அன்னா பாவ்லோவாவின் குழுவைச் சேர்ந்த கிளியோ நோர்டியிடம் பாலே கற்றவர். உன் நாட்டு நடனத்தைப் பார் என்று தூண்டியவரே பாவ்லோவாதான். அதன் பிறகே ருக்மிணி தேவி பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பரதம் பயின்றார், 1936இல் கலாக்ஷேத்ரா கலைப்பள்ளியைத் தொடங்கினார். நம் நாட்டு ரம்லி இப்ராஹிம் ஆஸ்திரேலியாவில் பாலே பயின்று, சிட்னி டான்ஸ் கம்பெனியில் ஆடி, அடையாறு லக்ஷ்மணனிடம் பரதமும் தேவபிரசாத் தாஸிடம் ஒடிசியும் கற்று, 1983இல் சூத்ரா நடனக் குழுவை நிறுவியவர். 2018இல் இந்திய அரசு அவருக்குப் பத்மஸ்ரீ கொடுத்தது. கவனித்தாயா? இருவரும் ஒவ்வொன்றையும் அதனதன் குருவிடம், அதனதன் ஒழுங்கில் கற்றார்கள். பாலே வகுப்பில் பாலே, பரத வகுப்பில் பரதம். கலப்பதெல்லாம் பிற்பாடு.

கடைசியாக ஒன்று, சின்ன விஷயம். சனி இரவு கோயிலில் ஆடி, ஞாயிறு காலை பாலே தேர்வு என்றால் பாதத்தில் ஆல்தாச் சிவப்புச் சாயம் வேண்டாம் என்று ஆசிரியையிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள். நான் கேட்கவில்லை. வியர்வையில் ஊறி, ரோஸ் டைட்ஸில் பத்து விரலும் சிவப்பாக இறங்கியிருந்தன. இரத்தம் என்று நினைத்துத் தேர்வாளர் பியானோவை நிறுத்தச் சொன்னார்.