பெட்ரோல் குழாய்க்கு எந்தப் பொருள்?

அதிவேகமாக ஓடுவதற்கென்றே எஞ்சினின் திறனைக் கூட்டி அமைத்த கார் ஒன்றை எடுத்துக்கொள்வோம். பெட்ரோல் தொட்டி பின்னால், எஞ்சின் முன்னால். இரண்டையும் இணைப்பது ஏறக்குறைய நான்கு மீட்டர் நீளமுள்ள ஒரு மெல்லிய குழாய். அது போய்ச் சேரும் இடத்தில் எஞ்சினின் புகைக்குழாய் பல நூறு டிகிரி வெப்பத்தில் காய்ந்துகொண்டிருக்கும். ஊசிமுனை அளவுக்குக் கசிந்தாலும் போதும், கார் தீப்பற்றிவிடும்.

இந்தக் குழாயை எதனால் செய்யலாம் என்று கல்லூரியில் என் மாணவர்களைக் கேட்டால், உடனே வரும் பதில், "மிக வலுவான உலோகத்தால்" என்பதே. சரிதானா? கணக்கிட்டுப் பார்ப்போம்.

மின்சாரப் பம்பு பெட்ரோலைத் தள்ளும் அழுத்தம் 4 வளிமண்டலம் எனக் கொள்வோம். அதாவது சதுர மில்லிமீட்டருக்குச் சுமார் 0.4 நியூட்டன். குழாயின் உள் ஆரம் 4 மி.மீ., சுவரின் தடிமன் 1 மி.மீ. குழாயைப் பிளக்கப் பார்க்கும் தகைவு = அழுத்தம் × ஆரம் ÷ தடிமன். விடை 1.6 நியூட்டன். சாதாரண எஃகோ 200 நியூட்டனுக்கு மேல் தாங்கும்! மென்மையான செம்புகூட இதைப்போல் இருபது மடங்கு தாங்கும். ஆக, வலிமை ஒரு பிரச்சினையே அல்ல. (பெட்ரோலைச் சிலிண்டருக்குள்ளேயே நேராகப் பீச்சும் எஞ்சின்களில், கடைசிச் சிறு பகுதியில் அழுத்தம் 200 வளிமண்டலத்துக்கு மேலும் போகலாம். அந்தக் குட்டைக் குழாயின் கதை வேறு.)

பிறகு எதைப் பார்த்துப் பொருளைத் தேர்ந்தெடுப்பது? முதலில் அதிர்வு. நிமிடத்துக்கு 6000 சுற்றுகள் சுழலும் எஞ்சின் நொடிக்கு 100 முறை சுழல்கிறது. சுற்றுக்கு ஓர் அதிர்வு என்றாலும் ஒரு மணி நேரத்தில் 3,60,000 அதிர்வுகள். ஒரு செம்புக் கம்பியை ஒரே இடத்தில் மடக்கி மடக்கி நிமிர்த்திப் பாருங்கள். முதலில் விறைக்கும், பிறகு ஒடியும். செம்புக் குழாய்க்கும் இதே கதிதான். போதாக்குறைக்கு, பெட்ரோல் ஆக்சிஜனுடன் சேர்ந்து பிசினாக மாறுவதைச் செம்பு ஊக்குவிக்கிறது. ஆகவே வளைக்க எளிது என்பதற்காகச் செம்பை நாடக்கூடாது.

அலுமினியம் எடை குறைந்தது. மேற்சொன்ன குழாய் எஃகில் சுமார் 890 கிராம், அலுமினியத்தில் 305 கிராம். ஆயினும் எஃகுக்கு ஒரு நற்குணம் உண்டு. குறிப்பிட்ட எல்லைக்குக் கீழான தகைவு எத்தனை கோடி முறை வந்துபோனாலும் அது சோர்வதில்லை. அலுமினியத்துக்கு அப்படித் தெளிவான எல்லை கிடையாது. ஆயிரம் கிலோ எடையுள்ள காரில் 600 கிராமை மிச்சப்படுத்த இந்தக் குணத்தை இழப்பது எனக்கு நல்ல பேரமாகத் தோன்றவில்லை.

ஆனால் எந்த உலோகமானாலும் எஞ்சின் வரை நீட்ட முடியாது. ரப்பர்த் தாங்கிகளின்மேல் அமர்ந்துள்ள எஞ்சின் ஆடிக்கொண்டே இருக்கும். கடைசிப் பகுதி வளையும் குழாயாகவே இருக்க வேண்டும். இயற்கை ரப்பர் பெட்ரோலில் ஊறிப் பருத்துவிடும். நைட்ரைல் ரப்பர் பெட்ரோலைத் தாங்கும் என்றாலும் வெப்பத்தில் காலப்போக்கில் இறுகி வெடிக்கும். ஏறக்குறைய எதனாலும் பாதிக்கப்படாத பொருள் ஒன்று உண்டு: டெஃப்ளான். 1938-ஆம் ஆண்டு அமெரிக்காவில் ராய் பிளங்கெட் என்பவர் குளிர்சாதன வாயுக்களை ஆராயும்போது தற்செயலாகக் கிடைத்தது இது. டெஃப்ளான் குழாயின்மேல் எஃகுக் கம்பிப் பின்னலை உறையாகப் போட்டால், வளையும், வெப்பம் தாங்கும், எந்த எரிபொருளுக்கும் அசையாது.

இங்கேதான் இயற்பியல் குறுக்கிடுகிறது. டெஃப்ளான் மிகச் சிறந்த மின்காப்புப் பொருள். பெட்ரோலும் மின்சாரத்தை எளிதில் கடத்தாது. சீப்பு தலைமயிரில் உராயும்போது நிகழ்வதுபோல, பெட்ரோல் சுவரை ஒட்டி விரைந்தோடும்போது மின்னூட்டங்கள் பிரிகின்றன. ஒருவகை மின்னூட்டம் உட்சுவரில் தங்கிவிடுகிறது, வெளியேற வழியில்லை. வெளியே எஃகுப் பின்னல், நடுவே மெல்லிய காப்புச் சுவர். உங்கள் பாடநூலில் உள்ள லெய்டன் ஜாடி இதுதான் அல்லவா! மின்னழுத்தம் ஏறிக்கொண்டே போய், ஒரு கட்டத்தில் பொறி சுவரைத் துளைத்துப் பின்னலுக்குப் பாய்கிறது. குழாயினுள் காற்று இல்லாததால் பெட்ரோல் உள்ளே எரியாது. ஆனால் கண்ணுக்குத் தெரியாத துளை விழுந்துவிட்டது. அதன் வழியே கசியும் பெட்ரோலுக்கு வெளியே காற்றும் கிடைக்கும், வெப்பமும் கிடைக்கும்.

தீர்வு மிக எளியது. குழாயின் உட்சுவரில் கரித்தூளைக் கலந்துவிடுகிறார்கள். கரி மின்சாரத்தைக் கடத்தும். மின்னூட்டம் தேங்காமல் முனையிலுள்ள உலோக இணைப்பு வழியே காரின் உடலுக்கு இறங்கிவிடும். கடையில் வெள்ளை உட்குழாய் பளிச்சென்று இருக்கும்; பெட்ரோலுக்கு வாங்க வேண்டியதோ கறுப்புதான்.

எரிபொருள் மாறினால் விடையும் மாறும். அமெரிக்காவின் இண்டியானாபோலிஸ் பந்தயத்தில் 1964-இல் நேர்ந்த பெட்ரோல் தீவிபத்தில் இரு ஓட்டுநர்கள் மாண்டனர். அதன்பின் அங்கே மெத்தனால் வழக்கத்துக்கு வந்து, பல ஆண்டுகள் நீடித்தது. மெத்தனால் தீயைத் தண்ணீரால் அணைக்கலாம். ஆனால் அது அலுமினியத்தை அரிக்கும்; வெண்ணிறப் படிவு உண்டாகி எரிபொருள் வழியை அடைக்கும். பந்தயம் முடிந்ததும் குழாய்களைக் கழுவிவிடுவது அதனால்தான்.

மெத்தனாலில் இன்னொரு சங்கடமும் உண்டு. ஒரு லிட்டர் மெத்தனால் தரும் ஆற்றல், ஒரு லிட்டர் பெட்ரோல் தருவதில் சுமார் பாதியே. அதே திறனைப் பெற நொடிக்கு இரு மடங்கு கன அளவு ஓட வேண்டும். பெட்ரோலுக்கு 8 மி.மீ. உள்விட்டம் போதுமானால், ஓட்டத்தின் வேகம் மாறாமல் இருக்க மெத்தனாலுக்கு எவ்வளவு விட்டம் வேண்டும்? 16 என்று அவசரப்பட வேண்டாம். காகிதத்தில் போட்டுப் பாருங்கள்.