'இல்லை' ஒருமுறை போதும்

அன்புள்ள தங்கைக்கு,

வியாசர்பாடியில் மாலை நேரத்தில் பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்திருக்கிறாய். பத்தாவது படிக்கிற பிள்ளைகளும், ஐடிஐ முடித்துவிட்டு மணலி, எண்ணூர்ப் பக்கம் வேலை தேடுகிற பையன்களும் ஒரே அறையில் உட்காருகிறார்கள் என்று எழுதியிருந்தாய். 'அன்லெஸ்', 'நெய்தர்-நார்', 'லெஸ்ட்' என்று வந்தாலே எல்லோரும் தடுமாறுகிறார்கள், ஃபார்முலாவாக மனப்பாடம் செய்யச் சொல்லிவிடட்டுமா என்றும் கேட்டிருந்தாய். வேண்டாம். தடுமாற்றம் தொடங்குவதே அந்த ஃபார்முலாவில்தான்.

'அன்லெஸ் என்றால் இஃப் நாட்' என்று கரும்பலகையில் எழுதிப் போட்டால், பிள்ளையின் மனதில் அந்த 'நாட்' ஒட்டிக்கொள்கிறது. அதோடு, தமிழில் மறுப்பு வினைச்சொல்லுக்குள்ளேயே இருக்கிறது: வராவிட்டால், சொல்லாமல், கொடுக்காத வரை. அந்த வினையை இங்கிலீஷுக்குக் கொண்டுபோகும்போது மறுப்பும் கூடவே போய்விடுகிறது. இங்கிலீஷிலோ 'அன்லெஸ்' என்ற இணைப்புச் சொல்லே மறுப்பைச் சுமந்துகொண்டு முன்னால் நிற்கிறது. ஆக, மறுப்பு இரண்டாகிறது.

உங்கள் ஊர் வாக்கியத்தையே எடுத்துக்கொள். மழைக்காலத்தில் யாரும் சொல்வதுதான்: "கணேசபுரம் சுரங்கப்பாதையில தண்ணி வடியலன்னா பஸ் வராது." இதைப் பிள்ளைகள் "அன்லெஸ் த வாட்டர் டஸ் நாட் ட்ரெயின், த பஸ் வில் நாட் கம்" என்று எழுதுவார்கள். அதற்கு என்ன அர்த்தம் என்று அவர்களிடமே கேள். தண்ணீர் வடியாமல் நின்றால்தான் பஸ் வரும் என்று ஆகிவிடுகிறது. அதைக் கண்டுபிடித்ததும் வகுப்பே சிரிக்கும். "அன்லெஸ் த வாட்டர் ட்ரெயின்ஸ்" என்று அவர்களே திருத்தட்டும்.

'இஃப் நாட்' ஃபார்முலாவில் இன்னொரு ஓட்டையும் உண்டு. "நீ வரலன்னா எனக்கு வருத்தமா இருக்கும்" என்பதை 'இஃப் யூ டோன்ட் கம்' என்றுதான் சொல்ல முடியும். 'அன்லெஸ்' அங்கே பொருந்தாது. ஏனென்றால் 'அன்லெஸ்' விதிவிலக்கைச் சொல்கிற சொல். 'இது நடந்தாலொழிய' என்பதுதான் அதன் நேர்ப்பொருள். வராதது வருத்தத்துக்குக் காரணமே தவிர, விதிவிலக்கு அல்ல. 'ஒழிய' என்று சொல்லிக்கொடு. தமிழில் நம்மிடம் இருக்கிற சொல்தான், பிள்ளைகள் சட்டென்று பிடித்துக்கொள்வார்கள்.

'அன்டில்' விஷயத்தில்தான் எனக்கு உண்மையான கவலை. "சூப்பர்வைசர் கையெழுத்து போடாத வரைக்கும் வால்வைத் திறக்காதே" என்பதை அப்படியே மாற்றி 'அன்டில் த சூப்பர்வைசர் டஸ் நாட் சைன்' என்று எழுதுகிறார்கள். இந்தி பேசும் தொழிலாளியும் இதே தவறைத்தான் செய்வார்; அவர் மொழியிலும் 'ஜப் தக்' (வரைக்கும்) வாக்கியத்தில் 'நஹீ' (இல்லை) வந்து உட்காரும். பிரெஞ்சுக்காரர்கள்கூட 'அன்லெஸ்' என்ற பொருளில் பேசும்போது தேவையில்லாமல் 'நெ' என்ற மறுப்புச் சொல்லைச் சேர்க்கிறார்கள். ஆகவே இது மனித மனம் இயல்பாகப் போகிற வழி. ஆனால் ஆலையில் பெர்மிட் தாளில் எழுதும் குறிப்பை மூன்று மொழிக்காரர்கள் படிக்கிறார்கள். அதில் வருகிற ஒரு உபரி 'நாட்', மார்க்கோடு போகிற விஷயம் இல்லை. 'அன்டில் த சூப்பர்வைசர் சைன்ஸ்' என்ற வாக்கியத்தை அந்தப் பையன்கள் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சரியாகச் சொல்ல வேண்டும்.

அடுத்தது 'உம்'. தொல்காப்பியம் இடையியலில் இதற்கு எட்டுப் பொருள் சொல்கிறது. எண்ணிச் சேர்ப்பது அதில் ஒன்று. நம் பிள்ளைகளுக்கு 'உம்' என்றாலே 'அண்ட்'தான். "டீயும் காபியும் பிடிக்காது" என்பதை 'ஐ டோன்ட் லைக் டீ அண்ட் காஃபி' என்கிறார்கள். மறுப்பு வந்தால் இங்கிலீஷில் 'அண்ட்' விலகி 'ஆர்' வரும் என்பதை யாரும் அவர்களுக்குச் சொல்வதில்லை. அதைச் சொன்ன பிறகு 'நெய்தர்-நார்' எளிது. "அவன் படிக்கறதும் இல்ல, வேலைக்குப் போறதும் இல்ல" என்று வீட்டில் தினமும் காதில் விழுகிற வாக்கியத்தைக் கொடு: 'ஹி நெய்தர் ஸ்டடீஸ் நார் வொர்க்ஸ்.' தமிழில் 'இல்ல' இரண்டு முறை வருகிறது. இங்கிலீஷில் 'நெய்தர்', 'நார்' இரண்டுமே அந்த வேலையைச் செய்துவிடுகின்றன, தனியாக ஒரு 'நாட்' கூடாது. 'நார்' புது வாக்கியத்தைத் தொடங்கினால் துணைவினை எழுவாய்க்கு முன்னால் போகும்: 'நார் டிட் ஹி கால்.' 'நெய்தர்-நார்' இரண்டு எழுவாய்களை இணைத்தால், வினை பொதுவாகப் பக்கத்தில் இருக்கிற எழுவாயைப் பின்பற்றும்: 'நெய்தர் த டிரைவர் நார் த கிளீனர்ஸ் வேர் தேர்.'

'லெஸ்ட்' பரீட்சைக்கு மட்டும் போதும். பின்னால் 'ஷுட்' வரும், 'நாட்' வராது. அதற்கு மேல் ஒரு நிமிஷம்கூடச் செலவழிக்காதே.

ஒன்றை மட்டும் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். பிள்ளை இரட்டை மறுப்போடு எழுதுவதை 'சேரி இங்கிலீஷ்' என்று யாராவது சொன்னால் அந்த இடத்திலேயே மறுத்துப் பேசு. 14-ஆம் நூற்றாண்டில் இங்கிலீஷ் கவிஞர் சாசர் ஒரே வாக்கியத்தில் நான்கு மறுப்புச் சொற்களை அடுக்கியிருக்கிறார். அன்று அது நல்ல இங்கிலீஷ். இரண்டு மறுப்பு சேர்ந்தால் உடன்பாடு என்ற விதியை ராபர்ட் லவுத் போன்ற இலக்கண ஆசிரியர்கள் நூலில் எழுதி நிலைநிறுத்தியது 18-ஆம் நூற்றாண்டில்தான். இன்று வேலைக்கும் பரீட்சைக்கும் அந்த விதி வேண்டும், அதனால் கற்பிக்கிறோம். பிள்ளைகளின் தமிழில் குறை எதுவும் இல்லை என்பதை அவர்கள் உன் வாயால் கேட்க வேண்டும்.

இந்த வாரம் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, வீட்டிலும் தெருவிலும் கேட்ட 'இல்லன்னா', 'வரைக்கும்' வாக்கியங்களை எழுதிக்கொண்டு வரச் சொல். அவற்றை அவர்களே இங்கிலீஷில் மாற்றட்டும். திருத்தாமல் அப்படியே எனக்கு அனுப்பு. உட்கார்ந்து சேர்ந்து பார்ப்போம்.

அன்புடன்,
உன் அக்கா