ஜூரியை எட்டும் வரை

2021 பிப்ரவரியில் பி.எஸ். வினோத்ராஜின் ‘கூழாங்கல்’ ரோட்டர்டாம் சர்வதேசத் திரைப்பட விழாவில் டைகர் விருது வென்றது. முதல் படம், 75 நிமிடம், மதுரைப் பக்கத்துப் பொட்டல் வெயில். பரிசு 40,000 யூரோ. அன்றிலிருந்து படத்தை முடித்துவிட்டு வரும் இளைஞர்கள் பலரும் என்னிடம் கேட்பது ஒரே கேள்விதான்: “ஜூரிக்கு என்ன பிடிக்கும் சார்?”

இந்தக் கேள்வியை விட்டுவிடுங்கள். ஜூரி யார் என்பது நீங்கள் படத்தை அனுப்பும் நாளில் பெரும்பாலும் வெளியே தெரிந்திருக்காது. தெரிந்தாலும் பயனில்லை. 2021இல் ரோட்டர்டாம் ஜூரியில் லெசோத்தோ நாட்டு இயக்குநர் ஒருவர், எகிப்திய இயக்குநர் ஒருவர், ஆவணப்பட விழா நடத்துபவர் ஒருவர், திரைக்கதை எழுத்தாளர், தயாரிப்பாளர் என்று ஐந்து பேர். இந்த ஐவருக்கும் ஒரே நேரத்தில் பிடிக்கும்படி ஒரு காட்சியை யாரால் திட்டமிட முடியும்? நீங்கள் கவலைப்பட வேண்டியது ஜூரிக்கு முந்தைய படிகளைப் பற்றித்தான். அவர்கள் பார்ப்பது போட்டிக்குத் தேர்வான படங்களை மட்டும். அந்த வருடம் 16 படங்கள். அதற்கு முன்பே தேர்வுக் குழு ஒரு பெரிய குவியலைச் சலித்து முடித்திருக்கும். நம் படங்களில் பெரும்பாலானவை விழுவது அந்தச் சல்லடையில். ஜூரி அவற்றைக் கண்ணால்கூடப் பார்ப்பதில்லை.

எங்கே அனுப்புகிறோம் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். ரோட்டர்டாம், ஹூபர்ட் பால்ஸ் 1972இல் தொடங்கிய விழா. டைகர் போட்டி 1995இல் வந்தது, வளர்ந்துவரும் இயக்குநர்களுக்காகவே. வார இறுதிகளில் நண்பர்களை வைத்து எடுத்த ‘ஃபாலோயிங்’ படத்துக்காகக் கிறிஸ்டோபர் நோலன் 1999இல் இந்த விருதை வாங்கினார். குறைந்த பணத்தில் எடுத்தது அங்கே குறையே இல்லை. பெரிய படம் போலத் தோற்றம் காட்டுவதற்காகக் கடன் வாங்கி ட்ரோன் ஷாட் சேர்க்காதீர்கள்.

அடுத்தது முதல் திரையிடல். பெரிய போட்டிகள் பலவும் தங்கள் விழாவில்தான் படம் முதன்முதலாகக் காட்டப்பட வேண்டும் என்று எதிர்பார்க்கும். அந்த உரிமை ஒரு படத்துக்கு ஒரே ஒரு முறைதான். சான்றிதழுக்காக எங்கோ ஓர் ஆன்லைன் விழாவில் காட்டியதும், சொந்த ஊர்க் கல்யாண மண்டபத்தில் டிக்கெட் போட்டுத் திரையிட்டதும் பின்னால் வந்து கதவை அடைக்கலாம். ஆசை தாங்காமல் யூடியூபில் ஏற்றியவர்களை எனக்குத் தெரியும். விதிமுறையை வரிக்கு வரி படியுங்கள். சந்தேகம் இருந்தால் விழா அலுவலகத்துக்கே மின்னஞ்சல் எழுதிக் கேளுங்கள். பதில் சொல்வார்கள்.

இனி சப்டைட்டில். நான் ஆண்டுக்கணக்கில் செய்துவரும் வேலை இது. சொல்ல ஆரம்பித்தால் நிறுத்த மாட்டேன். லட்சக்கணக்கில் செலவழித்துப் படம் எடுத்துவிட்டு, சப்டைட்டிலைக் கடைசி இரண்டு நாளில் தம்பி ஒருவனிடம் கொடுக்கிறார்கள். ஒரு குறும்படத் தேர்வுக்கு என்னையும் அழைத்திருந்தார்கள். டீக்கடை பெஞ்சில் இரண்டு நண்பர்கள். ஒருவன் மற்றவனை “மச்சான்” என்கிறான். கீழே, மனைவியின் சகோதரன் என்று பொருள்படும் ஆங்கிலச் சொல். ஒவ்வொரு தடவையும் அதே சொல். பக்கத்தில் இருந்த வெளிமாநிலத் தேர்வாளர் இருபது நிமிடம் கழித்து என்னிடம் மெதுவாகக் கேட்டார், “இவனுடைய மனைவி எப்போது வருவாள்?” அவர்மேல் தப்பே இல்லை. வராத ஒரு பெண்ணுக்காக அவர் காத்திருந்தார். காத்திருந்ததில் நல்ல நடிப்பு ஒன்று அவர் கண்ணில் படாமலே போய்விட்டது.

ஆகவே உறவுச் சொல், வசவு, மரியாதை இந்த மூன்றையும் தனியாகக் குறித்துவைத்து ஒவ்வொன்றுக்கும் முடிவெடுங்கள். “சாப்பிட்டியா”, “சாப்பிட்டீங்களா” இரண்டும் ஆங்கிலத்தில் ஒன்றாகிவிடும். கதை அந்த வித்தியாசத்தில் நிற்கிறது என்றால் வேறு வழியில் அதைக் கொண்டுவர வேண்டும். ஒரு தடவைக்கு இரண்டு வரி, வரிக்கு 42 எழுத்துகளுக்குள் என்பது பரவலான கணக்கு. முடிந்ததும் தமிழ் தெரியாத ஒருவரை உட்காரவைத்துப் படத்தை ஓடவிடுங்கள். எங்கே அவர் புருவம் சுருங்குகிறது என்று மட்டும் பாருங்கள். நடுவில் விளக்கம் சொல்லாதீர்கள்.

ஒலியும் அப்படித்தான். தேர்வாளர் பெரும்பாலும் லிங்க் வழியாக, லேப்டாப்பில், இயர்ஃபோன் மாட்டிப் பார்க்கிறார். பிறகு தேர்வானால் அரங்கில் டிசிபி, அதாவது திரையரங்குக்கான டிஜிட்டல் பிரதி, ஓடும். இரண்டிலும் வசனம் கேட்கிறதா என்று சோதியுங்கள். லிங்கின் பாஸ்வேர்டை அனுப்பிய பிறகு மாற்றவே மாற்றாதீர்கள்.

படம் முடியும்வரை காத்திருக்கவும் தேவையில்லை. ‘கூழாங்கல்’ முழுமை பெறும் முன்பே கோவாவில் ஃபிலிம் பஜார் என்ற திரைப்படச் சந்தைக்குப் போனது. அங்கே இயக்குநர் ராம் பார்த்தார், அவர் மூலம் விக்னேஷ் சிவனும் நயன்தாராவும் தயாரிப்பாளர்களாக வந்தார்கள். ரோட்டர்டாமிலேயே ஹூபர்ட் பால்ஸ் நிதி என்று ஒன்று இருக்கிறது. ஆசியா, ஆப்பிரிக்கா, லத்தீன் அமெரிக்கப் படங்களுக்கு எழுத்து நிலையிலேயே கைகொடுப்பது. 2023இல் விசாகேச சந்திரசேகரத்தின் ‘மணல்’ அங்கே சிறப்பு ஜூரி விருது பெற்றது; போருக்குப் பின் இலங்கையில் காணாமல்போன காதலியைத் தேடும் தமிழ் இளைஞனின் கதை. இந்த இரண்டு படங்களும் தங்கள் மண்ணை யாருக்காகவும் பொதுவாக்கிக் காட்டவில்லை.

படத்துக்குள் எதை வைப்பது, எதை வெட்டுவது என்ற குழப்பத்துக்கு எனக்குத் தெரிந்த பதிலும் ‘கூழாங்கல்’ படத்தில்தான் இருக்கிறது. அதில் வரும் சிறுவன் வாயில் ஒரு கல்லைப் போட்டுத் தாகத்தை அடக்கிக்கொள்கிறான். வீட்டுக்கு வந்ததும் அதை எடுத்து வைக்கிறான். அங்கே ஏற்கெனவே ஒரு குவியல் கல். கடைசியில் பெண்கள் ஊற்றைச் சுற்றி உட்கார்ந்து, கசிகிற தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக அள்ளுகிறார்கள். கேமரா நகராமல் பார்த்துக்கொண்டே இருக்கிறது. “லேக் அடிக்குது, பாதியா வெட்டு” என்று சொல்ல நம் ஊரில் பத்துப் பேர் கிடைப்பார்கள். மூடிய அறையில் ஐந்து பேர் விவாதிக்கும்போது, எல்லோருக்கும் ஓரளவு பிடித்த படத்துக்காக யாரும் வாதாட மாட்டார்கள் என்பது என் எண்ணம். இப்படி ஒரு காட்சியை மனதில் சுமந்துகொண்டு உள்ளே போகிறவர்தான் வாதாடுவார். உங்கள் படத்தில் அப்படி ஒன்று இருந்தால், யார் சொன்னாலும் அதில் கை வைக்காதீர்கள்.

மறுப்புக் கடிதம் வந்தால் இயக்குநர் குறிப்பைத் திரும்ப எழுதுங்கள், சப்டைட்டிலை இன்னொரு தடவை பாருங்கள். முதல் திரையிடல் இன்னும் உங்கள் கையில் பத்திரமாக இருக்கிறது. அடுத்த விழாவுக்குக் கடைசித் தேதி என்றைக்கு?