கடைத்தெருவுக்கும் குடிநீர்: கணிப்பொறி காட்டும் கணக்கு

வாய்க்காலில் தலைமடைக்காரர் மடையை அகலத் திறந்து வைத்தால் கடைமடை காய்ந்து போகும் என்பது விவசாயிகள் யாவரும் அறிந்ததே. இதைத் தடுக்கவே நம் முன்னோர் முறை வைத்து நீர் பாய்ச்சினர். மண்ணுக்குள் புதைந்த குடிநீர்க் குழாயும் ஒரு வாய்க்காலே. ஆயினும் அது கண்ணுக்குத் தெரியாததால், அங்கு நிகழும் அநீதியும் நமக்குத் தெரிவதில்லை.

காலையில் இரண்டு மணி நேரம் மட்டும் குழாயில் நீர் வரும் ஊர்கள் பல. தொட்டிக்கு அருகிலுள்ள தெருவில் குடம் நிரம்பி வழிகிறது. கடைத்தெருப் பெண்கள் காத்திருந்து வெறுங்குடத்துடன் திரும்புகின்றனர். உடனே, "இன்னொரு மேல்நிலைத் தொட்டி கட்ட வேண்டும்" என்று பஞ்சாயத்தில் தீர்மானம் வருகிறது. குறை தொட்டியில்தானா, குழாயில்தானா என்று ஆராயாமல் பணத்தைச் செலவிடுதல் முறையாகுமா?

ஓர் உதாரணம் கொள்வோம். ஊரின் ஜனத்தொகை 2,000. ஆளுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் வீதம் 1,10,000 லிட்டர் வேண்டும். இதை 24 மணி நேரமும் சீராக வழங்கினால் மணிக்குச் சுமார் 4,600 லிட்டர் ஓடினால் போதும். இரண்டே மணி நேரத்தில் வழங்குவதானால் மணிக்கு 55,000 லிட்டர் ஓட வேண்டும். அதாவது 12 மடங்கு. குழாயின் உட்சுவரில் நீர் உராய்வதால் அழுத்தம் குறைகிறது. ஓட்டம் 12 மடங்கானால் இந்த அழுத்த இழப்பு ஏறக்குறைய 100 மடங்காகிறது! தொட்டியின் உயரம் தந்த அழுத்தம் பாதி வழியிலேயே தீர்ந்து போவதன் காரணம் இதுவே.

திறந்த குழாயிலிருந்து விழும் நீரின் அளவும் அழுத்தத்தைப் பொறுத்தது. தலைத்தெருவில் 9 மீட்டர் நீரழுத்தமும் கடைத்தெருவில் 1 மீட்டரும் இருந்தால், ஒரே வகைக் குழாயில் அங்கு மூன்று குடம் நிறையும் நேரத்தில் இங்கு ஒரு குடமே நிறையும்.

ஒரு குழாய்க்கு இக்கணக்கைக் கையால் போட்டு விடலாம். கிளைகள் பலவாகப் பின்னிய அமைப்புக்கு அது எளிதன்று. அமெரிக்கப் பேராசிரியர் ஹார்டி கிராஸ் 1936-ல் இதற்கு ஒரு வழி வகுத்தார். இன்று அவ்வேலையைக் கணிப்பொறி நொடியில் முடிக்கிறது. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு நிறுவனம் 1993-ல் வெளியிட்ட 'எபாநெட்' என்னும் நிரலை எவரும் விலையின்றிப் பெறலாம். தொட்டியின் உயரம், குழாய்களின் நீளம், விட்டம், தெருக்களின் மேடு பள்ளம், இணைப்புகளின் எண்ணிக்கை ஆகியவற்றைக் கொடுத்தால், ஒவ்வொரு முனையிலும் அழுத்தம் எவ்வளவு என்பதை அது கூறும்.

ஆனால் ஓர் எச்சரிக்கை அவசியம். பழைய முறைக் கணக்கில், அழுத்தம் எப்படியிருப்பினும் ஒவ்வொரு வீடும் தனக்குரிய நீரைப் பெற்று விடுவதாகவே கொள்ளப்பட்டது. விட்டு விட்டு நீர் வரும் ஊருக்கு இது பொருந்தாது. அழுத்தத்துக்கேற்ப நீர் கிடைக்கும் எனக் கணக்கிடும் வசதி 2020-ல் வந்த 2.2 பதிப்பில் சேர்க்கப்பட்டது. அப்போதும் குழாய்கள் என்றும் நிரம்பியிருப்பதாகவே அந்நிரல் கருதுகிறது. காலியான குழாய் காற்றைத் தள்ளிக் கொண்டு நிரம்பும் நேரத்தை அது காட்டாது. இதற்காக ஆராய்ச்சியாளர் சிலர், மழைநீர் வடிகாலுக்கென 1971-ல் தோன்றிய வேறொரு நிரலைப் பயன்படுத்துகின்றனர்.

காலியான குழாயில் வேறொரு தீங்கும் உண்டு. வெடிப்புகளின் வழியே சாக்கடை நீர் உள்ளே புகக்கூடும். கர்நாடகத்தின் ஹூப்ளி-தார்வாடில் இடைவிடாது நீர் பெறும் பகுதிகளையும் விட்டு விட்டுப் பெறும் பகுதிகளையும் ஒப்பிட்டு 2013-ல் வெளியான ஆய்வு, பின்னதில் நீர் மிகுதியாக மாசுபட்டிருந்ததைக் காட்டியது.

சரி, பஞ்சாயத்து செய்ய வேண்டுவதென்ன? முதலாவது, குழாய் செல்லும் வழியையும் வால்வு உள்ள இடங்களையும் வரைபடமாக எழுதி வைத்தல். தொட்டி இயக்குபவரின் நினைவில் மட்டும் உள்ள விவரம் அவரோடு போய்விடும். இரண்டாவது, தெருவுக்கு இரண்டு வீடுகளில் ஒரு குடம் நிறைய எத்தனை விநாடி ஆகிறது என்று கடிகாரம் வைத்துக் குறித்தல். பொய்யான விவரம் கொடுத்தால் கணிப்பொறி பொய்யான விடையே தரும். மூன்றாவது, இவ்விவரங்களைப் பொறியாளரிடம் கொடுத்து, செலவுக்கு முன் மாற்று வழிகளைக் கணக்கிட்டுக் காட்டுமாறு கேட்டல்.

ஊரை வால்வுகளால் இரு பகுதியாக்கி முறை வைத்து விடுவது அத்தகைய ஒரு வழி. பிரதான குழாயில் ஓட்டம் பாதியானால் உராய்வு இழப்பு ஏறக்குறைய கால் பங்காகிவிடும். எஞ்சிய அழுத்தம் கடைத்தெருவை எட்டும். புதிய தொட்டியின் செலவில் சிறு பங்கே இதற்கு ஆகக்கூடும். தொட்டியே சிறிதென்று கணக்கு காட்டினால், அப்போது தாராளமாகக் கட்டுவோம்.

முறைப்பாசனத்தின் நீதியை வயலில் காத்த நாம், அதையே குடிநீரிலும் காப்போமாக. அடுத்த பஞ்சாயத்துக் கூட்டத்துக்கு முன், ஒரு குடமும் ஒரு கடிகாரமும் கொண்டு அங்கத்தினர்கள் கடைத்தெருவுக்குச் சென்று வருவார்களாக.