விலை குறைந்த மெமரி கார்டை நம்பலாமா?

கிரிவலப் பாதையில் நடந்தால் எங்கும் பக்திப் பாடல் கேட்கும். டீக்கடையிலும் பூக்கடையிலும் பாடுவது பெரும்பாலும் விரல் நகம் அளவுள்ள ஒரு மைக்ரோ எஸ்டி கார்டுதான். கேமரா, காரில் மாட்டும் கேமரா, வீட்டுக் கண்காணிப்பு கேமரா, ஸ்பீக்கர், மொபைல் என்று இன்றும் பல சாதனங்கள் இதை நம்பியே இருக்கின்றன. விலை குறைந்த கார்டை வாங்குவதில் தவறில்லை. ஆனால் சோதிக்காமல் பயன்படுத்தினால் என்ன ஆகும் என்பதை என் அனுபவத்திலிருந்து சொல்கிறேன்.

ஒரு பௌர்ணமி அன்று தாத்தாவுடன் கிரிவலம் போனேன். 14 கிலோமீட்டரும் அவர் பேசிக்கொண்டே வந்தார். நான் மொபைலில் வீடியோ எடுத்துக்கொண்டே வந்தேன். அதில் நடைபாதைக் கடையில் மலிவாக வாங்கிய 64 ஜிபி கார்டு இருந்தது. அடுத்த தை மாதம் தாத்தா காலமானார். கார்டை கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தேன். எல்லா ஃபைல்களின் பெயரும் அளவும் சரியாக இருந்தன. இந்திர லிங்கம், அக்னி லிங்கம், எம லிங்கம் வரை எடுத்த வீடியோக்கள் ஓடின. நிருதி லிங்கத்திலிருந்து ஒன்றுகூடத் திறக்கவில்லை. சோதித்தபோது தெரிந்தது, அது 8 ஜிபி கார்டு!

இது எப்படி நடக்கிறது?

கார்டுக்குள் தகவலைச் சேமிக்கும் சிப்புடன், அதை நிர்வகிக்கும் கன்ட்ரோலரும் உண்டு. "உன் கொள்ளளவு எவ்வளவு?" என்று மொபைல் கேட்டால் பதில் சொல்வது கன்ட்ரோலர்தான். போலி கார்டில் அது 8 ஜிபியை 64 ஜிபி என்று பொய் சொல்லும்படி மாற்றப்பட்டிருக்கும். 8 ஜிபி நிறைந்த பிறகு வரும் தகவல்கள் காணாமல் போகும், அல்லது பழைய தகவல்களின் மேலேயே எழுதப்படும். ஃபைல் பட்டியல் கார்டின் தொடக்கத்தில் இருப்பதால் பெயர்கள் மட்டும் ஒழுங்காகத் தெரியும். எனவே ப்ராப்பர்ட்டீஸ் பார்த்து ஏமாறாதீர்கள்.

ஒரு சந்தேகத்தையும் இங்கேயே தீர்த்துவிடலாம். 32 ஜிபி கார்டு விண்டோஸில் சுமார் 29.8 ஜிபி என்று தெரிந்தால் அது போலி அல்ல. கார்டு நிறுவனங்கள் 1 ஜிபியை 100 கோடி பைட் என்று கணக்கிடுகின்றன. விண்டோஸ் 1024-ஆல் வகுத்துக் கணக்கிடுகிறது.

சோதிக்கும் முறை

1. கார்டு காலியாக இருக்கட்டும். கார்டு ரீடர் மூலம் கம்ப்யூட்டரில் இணையுங்கள்.

2. விண்டோஸில் எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற இலவச மென்பொருளை இயக்கி, கார்டின் டிரைவைத் தேர்வு செய்யுங்கள். லினக்ஸ் என்றால் எஃப்3 என்ற இலவச மென்பொருள் உள்ளது.

3. 'ரைட் + வெரிஃபை' பட்டனை அழுத்துங்கள். கார்டு முழுவதையும் நிரப்பி, பிறகு படித்துச் சரிபார்க்கும். விநாடிக்கு 10 எம்பி வேகத்தில் 32 ஜிபி கார்டை நிரப்பவே 53 நிமிடம் ஆகும். பொறுமை தேவை.

4. பிழை இல்லை என்று வந்தால் சோதனை ஃபைல்களை அழித்துவிட்டுப் பயன்படுத்துங்கள். பிழை வந்தால் பில்லுடன் கடைக்குத் திருப்பிக் கொடுங்கள். பில் இல்லாமல் வாங்காதீர்கள்.

மென்பொருள் இல்லையா? கார்டு நிறையும் வரை பெரிய வீடியோக்களை காப்பி செய்து, கார்டைக் கழற்றி மீண்டும் இணைத்து, முதல் வீடியோவையும் கடைசி வீடியோவையும் முழுவதும் ஓட்டிப் பாருங்கள்.

எதற்கு எந்த கார்டு?

பாட்டுப் பெட்டி, ஸ்பீக்கர்: 4 முதல் 32 ஜிபி வரையிலான எஸ்டிஎச்சி கார்டு போதும். இவை ஃபேட்32 முறையில் ஃபார்மட் செய்யப்பட்டவை. 64 ஜிபி முதல் வரும் எஸ்டிஎக்ஸ்சி கார்டுகளின் எக்ஸ்ஃபேட் முறையைப் பல பழைய சாதனங்கள் புரிந்துகொள்ளாது.

கேமரா: வட்டத்துக்குள் 10 என்று இருந்தால் குறைந்தது விநாடிக்கு 10 எம்பி வேகத்தில் எழுதும். 4கே வீடியோவுக்கு யு3 அல்லது வி30 வாங்குங்கள். இவை குறைந்தது 30 எம்பி வேகத்தில் எழுதும்.

மொபைல்: ஆப்களையும் கார்டில் வைப்பதென்றால் ஏ1 அல்லது ஏ2 குறியீடு இருக்க வேண்டும்.

கண்காணிப்பு கேமரா: இரவு பகலாக அழித்து எழுதுவதால் சாதாரண கார்டு சீக்கிரம் தேய்ந்துவிடும். 'ஹை எண்ட்யூரன்ஸ்' வகைக்குக் கொஞ்சம் கூடுதலாகச் செலவழிப்பது நல்லது.

தவறி அழித்துவிட்டால்?

உடனே அந்த கார்டில் எழுதுவதை நிறுத்துங்கள். ஃபோட்டோரெக் என்ற இலவச மென்பொருள், மேலே வேறு எதுவும் எழுதப்படாதவரை படங்களை மீட்டுத்தர வாய்ப்புண்டு. ஆனால் போலி கார்டில் எழுதப்படாமலே போனதை எந்த மென்பொருளாலும் மீட்க முடியாது. எனக்கு நடந்தது அதுதான்.

இப்போது புதுக் கார்டு வாங்கினால் சோதித்த பிறகே படம் எடுக்கிறேன். எடுத்த அன்றே கம்ப்யூட்டரிலும் இன்னொரு இடத்திலும் காப்பி வைக்கிறேன். எம லிங்கம் வரை தாத்தா பேசியது மூன்று இடங்களில் பத்திரமாக இருக்கிறது. உங்கள் வீட்டு கார்டையும் இந்த வாரமே சோதித்துப் பாருங்கள். அதற்கு முன் உள்ளே இருப்பதைக் காப்பி எடுத்துக்கொள்ள மறந்துவிடாதீர்கள்.